தரையில் மலை ஏறுவது பற்றிக் கலாவுக்கு

அன்புள்ள கலா,

நீ அனுப்பிய குரல் பதிவை பஸ்ஸில் கேட்டேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னது, உன் ஆபீஸ் பெண்கள் நாலு நிமிட தபாத்தா செய்வது, நீயும் சேரலாமா என்ற கேள்வி, எல்லாம் ஒரே மூச்சில். சேரலாம்டி. ஆனால் அந்த நாலு நிமிடத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு படி, குராங் மானிஸ்தான், சர்க்கரை குறைச்சல், சரியா?

தபாத்தா என்பது இசுமி தபாத்தா என்ற ஜப்பானிய ஆய்வாளரின் பெயர். ஐஸ் ஸ்கேட்டிங் வீரர்களுக்கு ஒரு பயிற்சியாளர் வைத்திருந்த முறையை அவர் சோதித்து 1996-இல் வெளியிட்டார். 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதிப்பது, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. ஆமாம், மிதிப்பது. அது சைக்கிள் எந்திரத்தில், நல்ல உடல்தகுதி உள்ள இளைஞர்களை வைத்து, இனி ஒரு மிதிகூட முடியாது என்கிற அளவுக்கு நடந்தது. சைக்கிளில் களைத்தால் கால் நின்றுவிடும், அவ்வளவுதான். தரையில் கையூன்றிச் செய்யும்போது களைத்தால் இடுப்பு தொங்கும், தோள் காது வரை ஏறும், கடைசியில் மணிக்கட்டுதான் அடி வாங்கும். அந்த 10 விநாடி ஓய்வு நமக்கு எந்த மூலைக்கு?

நான் செய்வது மவுண்டன் கிளைம்பர். எங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாம் பிளாட்டில் குதிக்கிற பயிற்சி எதுவும் எடுபடாது, கீழ்வீட்டுச் சீனப் பாட்டி துடைப்பக் கட்டையால் மேலே தட்டிவிடுவார், குந்தி எழுந்து குதிக்கிற பர்ப்பி போனதே அப்படித்தான். இதில் குதிப்பே இல்லை. தண்டால் எடுக்கப் போவதுபோல் கையூன்று, மணிக்கட்டுக்கு நேர் மேலே தோள் இருக்கட்டும், விரல்களை விரித்து ஆள்காட்டி விரலின் அடிக்கணுவால் தரையை அழுத்து. ஒரு முட்டியை நெஞ்சுப் பக்கம் இழு, அது திரும்பும்போதே அடுத்தது வரவேண்டும். பாதம் தரையில் தொப்பென்று கேட்டால் கால் விழுகிறது என்று அர்த்தம், சத்தமில்லாமல் வந்தால்தான் வயிறு அதைத் தூக்குகிறது. எனக்கு வேகத்தைவிட இந்தச் சத்தம்தான் கணக்கு. மொசைக் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும், சப்பாத்து போட்டுக்கொள். மணிக்கட்டு வலித்தால் சுவரோரம் ஆடாமல் நிற்கும் சோபாவின் விளிம்பில் கையூன்றிச் செய்.

முதலில் 20 விநாடி செய், 40 விநாடி எழுந்து நட, ஆறு சுற்று போதும். செய்து முடித்ததும் ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்க வேண்டும், நடக்கும்போது அது கொஞ்சமாவது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஓய்வைக் கூட்டு, அதில் வெட்கம் என்ன? நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூட்டை வெளியேற்ற இதயம் இன்னும் வேகமாக அடிக்கும், அதனால் காலையில் ஃபேனுக்குக் கீழே.

அப்புறம் உன் சர்க்கரை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், உனக்கு லாபம் அங்கேதான். ஆனால் கடும் வேகத்தில் செய்த கையோடு விரலைக் குத்திப் பார்த்தால் எண் ஏறியிருக்கலாம், அட்ரினலின் கல்லீரலைத் தட்டிச் சர்க்கரையை வெளியே விடுகிறது, பயந்து விட்டுவிடாதே. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு, இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். நாலு நிமிடத்தை வைத்து இந்தக் கணக்கை முடிக்க முடியாது, தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடப்பதை நிறுத்திவிடாதே.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிப்புக்குப் போய்விட்டான், அரிசி செலவு பாதியாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண் தெளிவாகத் தெரிவதால் நான் தரையில் கையூன்றினால் "என்னடி, கட்டிலுக்கடியில் எலி தேடுகிறாயா" என்கிறார்.

தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? தண்ணீர்மலை முருகன் கோயிலில் 500க்கு மேல் படி, சேர்ந்தே ஏறலாம். அதற்கு முன்னால் உன் பிரஷருக்கு இந்த வேகம் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்டு மெசேஜ் போடு, கேட்காமல் ஆரம்பிக்காதே.

அன்புடன்,
வசந்தி