கவிதையை முதலில், கவிஞரை அப்புறம்

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த வாரம் கவிதைப் பாடம் தொடங்கப் போவதாகவும், கவிஞரின் வாழ்க்கையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஆசிரியர் குறிப்பிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதே. நான் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். பிறந்த ஊர், பெற்றோர், இயற்றிய நூல்கள் என்று சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வரும். ஆனால் பிடித்த வரி எது என்று கேட்டால் வகுப்பே வாய் திறக்காது.

புறநானூற்றின் 112-ஆம் பாட்டை எடுத்துக்கொள். ஐந்தே அடி. பறம்பு மலையை ஆண்ட பாரியின் பெண்கள், பாரி மகளிர், பாடியது என்று முதலிலேயே சொல்லிவிடாதே. பலகையில் எழுதி, சொற்பொருள் மட்டும் சொல்: அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள். அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியது என்று கேள். என் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிலா மட்டும் அப்படியே இருக்கு சார்" என்றான். அதற்கு அப்புறம்தான் மூவேந்தரின் முற்றுகையையும், பாரி இறந்ததையும், பறம்பு மலை கைவிட்டுப் போனதையும் சொன்னேன். இவ்வளவு நடந்தும் பாட்டில் அழுகை என்ற சொல்லே இல்லையே என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அது ஒரு குறிப்பாகப் போயிருக்கும்.

பாரதியையும் இப்படியே நடத்தலாம். கண்ணனைத் தாயாக்கி அவர் பாடியதை முதலில் படித்துக் காட்டு. வானம் அணைக்கும் கை, மண் மடி, அந்த மடியில் வைத்துக் கதை சொல்லும் அம்மா. படித்து முடித்துக் கொஞ்சம் பொறு. பிறகு, ஐந்து வயதில் தாயை இழந்த பிள்ளை இதை எழுதினார் என்று சொல்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் தப்பு. தாயை இழந்ததால் எழுதினார் என்று ஒரே வரியில் முடித்தால் கவிதை சின்னதாகிவிடும். தாயை இழந்த எல்லோரும் அப்படிப் பாடவில்லையே! அதே கண்ணனைத் தோழனாக, சேவகனாக, அரசனாகவும் அவர் பாடியிருக்கிறார். கண்ணனைக் குழந்தையாகப் பாடிய பெரியாழ்வார் அவருக்கு முன்னால் இருக்கிறார். ஒருவர் படித்ததும் அவர் வாழ்ந்த வாழ்க்கையில் சேர்ந்ததுதான். பிள்ளைகளுக்கு இதையும் அழுத்திச் சொல். இந்த வாழ்க்கை இல்லாவிட்டால் எந்தச் சொல் இங்கே வந்திருக்காது என்று கேட்டால் போதும், தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, கடைசிப் பத்து நிமிடத்தை அவர்களுக்கே விடு. போன மாதம் இருந்து இந்த மாதம் இல்லாத ஒன்றைப் பற்றி ஐந்து வரி. சோகம், வருத்தம் என்ற சொற்கள் கூடாது என்று மட்டும் சொல்லிவிடு. ஒரு பெண் எனக்கு எழுதிய ஐந்து வரியும் ஒரு ஜோடி செருப்பைப் பற்றித்தான்: வாசலில் அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கும், இப்போது அந்த இடம் எப்படி இருக்கிறது என்று. யாருடைய செருப்பு என்று அவள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

யாரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லாதே. தாளை மடித்துக் கொடுக்கிறவர்களுக்கு மடித்தபடியே திருப்பிக் கொடுத்துவிடு.

வகுப்பு முடிந்ததும் எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்