மேலூருக்கு வரும் மகளுக்காக

மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகள் அரசு உதவி வழக்கறிஞராகி மேலூர் கோர்ட்டுக்கு வருகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். வீடு அமையும்வரை அவள் இங்கேதான் தங்க வேண்டும் என்று உன் தங்கச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சாட்சி விசாரணை பற்றிக் கேட்டிருந்தாய். குறுக்கு விசாரணையைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், வழக்கு நிற்பது, சாட்சியை அழைத்த தரப்பே அவரை முதலில் கேட்கும் முதல் விசாரணையில்தான். அங்கே சாட்சி பேச வேண்டும், வக்கீல் அல்ல. 2024 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 146-ஆம் பிரிவிலும், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் கோர்ட் அனுமதியில்லாமல் முதல் விசாரணையில் பதிலை எடுத்துக்கொடுக்கும் லீடிங் கேள்வி கூடாது. பேர், ஊர் மாதிரி தகராறில்லாத விஷயங்களுக்கு அனுமதி உண்டு. ஆட்சேபணை வராவிட்டாலும் கேட்கக் கூடாது என்பேன். “இவர்தானே கம்பால் அடித்தார்?” “ஆமா” என்று பதிவானால் அதில் சாட்சி பார்த்தது எங்கே இருக்கிறது? “நீங்க எங்க நின்னீங்க? யார் கையில என்ன இருந்துச்சு? அப்புறம்?” இது போதும்.

நம் பக்கத்துச் சாட்சிகள் மணி பார்த்துச் சொல்ல மாட்டார்கள். “விளக்கு வைக்கிற நேரம்”, “கூப்பிடு தூரம்” என்பார்கள். அதைத் திருத்தவே கூடாது. அப்படியே பதிவாகட்டும். அடுத்து, “இந்தக் கூண்டிலிருந்து எதுவரைக்கும் இருக்கும், காட்டுங்க” என்று கேட்டால் தூரமும் பதிவாகிவிடும். ராத்திரிச் சம்பவமென்றால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். அதை விட்ட வழக்குகள் அடையாளத்தில்தான் அடிபடுகின்றன. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் இருக்கும் “மேற்படி சம்பவ இடத்தில்” என்பதை ஒரு விவசாயி அப்படியே ஒப்பித்தால் எந்த நீதிபதியும் நம்ப மாட்டார். கேஸ் கட்டைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பது மகா பாவம்.

காயம்பட்டவர் சாட்சியின் சித்தப்பா மகன், இரண்டு குடும்பத்துக்கும் வரப்புத் தகராறு என்றால், அதையும் அவளே கேட்டுவிட வேண்டும். எதிர்த்தரப்பு கிளறி எடுத்தால் மறைத்ததாகத் தோன்றும்.

இன்னொன்று. நம் கோர்ட்டுகளில் பதில்கள் பெரும்பாலும் கதைபோலத் தொடர்ச்சியாகத்தான் டைப் ஆகும். ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் இருந்தால்தான் அந்தக் கதை குழம்பாது. டைப் முடியும்வரை அவள் பொறுக்க வேண்டும்.

சாட்சிகளின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம் என்று சொல். வடிவேலுத் தேவர் வழக்கில் 1957-இலேயே உச்ச நீதிமன்றம், கொலையுண்டவரின் மனைவி ஒருவரின் சாட்சியத்தை நம்பித் தண்டனையை உறுதி செய்திருக்கிறது. ஒரு சாட்சி நேராக நின்றால் போதும்.

குறுக்கு விசாரணை முடிந்தபின் நம் தரப்பே திரும்பக் கேட்கும் மறு விசாரணை பற்றி அவள் வந்ததும் நேரில் பேசிக்கொள்கிறேன். எந்த பஸ் என்று முன்னாடியே எழுது, மாட்டுத்தாவணியில் நான் நிற்பேன்.

உன் பழைய ரூம்மேட்