விலைக்குள் பராமரிப்பும் இருக்கட்டும்: சிறு கேம் ஸ்டுடியோக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டெவலப்பர்களுக்கு,

பெரிய பப்ளிஷர் யாரும் பின்னால் இல்லாமல், தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ சேர்ந்து ஸ்டீம், இட்ச்.ஐஓ என்ற இணையக் கடைகளில் கேம் விற்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். எழுதுகிற நாங்கள் அந்த கேம்களைக் காசு கொடுத்து வாங்கி விளையாடுகிறவர்கள்; எங்களில் சிலர் வெளியீட்டுக்கு முன் பில்ட்களை, அதாவது ஓடத் தயாராகத் தொகுத்த பதிப்புகளை, சோதித்துத் தருகிறவர்கள். கேட்க வந்தது ஒன்றுதான். விலை வைக்கிற அன்றே, விற்றபின் எவ்வளவு காலம் அந்த கேமைப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதையும் முடிவுசெய்து கடைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டும் ஒரே கணக்கு. பிரித்துப் போட்டால் உங்களுக்கு நட்டம், எங்களுக்கு மனக்கசப்பு.

கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஸ்டீமில் இந்திய விலை 600 ரூபாய் என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி அதற்குள்ளேயே அடக்கம், கழித்தால் 508. அதில் கடையின் பங்கு 30 சதவீதம் போக, கைக்கு வருவது 356 ரூபாய். 40 சதவீதத் தள்ளுபடி நாளில் அதுவே 214. வருமான வரியும் வங்கிக் கட்டணமும் இதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் விற்கும் பிரதிகளுக்கு அங்கேயே வரி பிடிப்பார்கள். இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி அது 15 சதவீதம். சேரும்போது நிரப்பும் வரிப் படிவத்தில் பான் எண் தந்து அந்தச் சலுகையைக் கோராவிட்டால் 30.

இனி செலவுப் பக்கம். ஆயிரம் பிரதி விற்று, நூற்றுக்கு மூன்று பேர் சிக்கல் என்று எழுதினால் 30 கடிதம். ஒவ்வொன்றுக்கும் லாக் ஃபைல் (ஓடும்போது கேம் எழுதிவைக்கும் பதிவு) கேட்டு வாங்கி, பிழையை மறுபடி வரவழைத்துப் பார்த்து, திருத்தி, புது பில்ட் ஏற்ற 40 நிமிடமே ஆனாலும் மொத்தம் 20 மணி நேரம். விலையில் இதற்கு இடம் விடவில்லை என்றால் மூன்றாம் மாதம் பதில்கள் நின்றுபோகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதை அலட்சியம் என்பார்கள். கோளாறு முதல் நாள் போட்ட கணக்கில் இருக்கிறது. பத்து மணி நேரம் விளையாடக்கூடிய ஒன்றை 99 ரூபாய்க்கு இறக்காதீர்கள் என்று வாங்குகிற நாங்களே கேட்கிறோம்.

அதற்காக டாலர் விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றிவிடவும் வேண்டாம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 14.99 டாலர் 1,274 ரூபாய் ஆகும். இங்குள்ள கல்லூரி மாணவருக்கு அது கேம் வாங்குகிற காசே இல்லை. ஸ்டீமின் விலை அட்டவணை ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பரிந்துரை காட்டும். அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, இந்திய ரூபாயைக் கையால் திருத்துங்கள். இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான் ஐந்துக்கும் சேர்த்து 'தெற்காசியா – டாலர்' என்று தனிக் கட்டம் ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. காலியாக விட்டால் யாழ்ப்பாணத்தில் வாங்குகிறவருக்கு அமெரிக்க விலையே காட்டும். 2023 நவம்பரில் அர்ஜென்டினாவும் துருக்கியும் சொந்த நாணயத்திலிருந்து இதேபோன்ற டாலர் கட்டங்களுக்கு மாறின. அதற்கு முன் வெளியிட்ட கேம் உங்களுடையது என்றால், அந்தக் கட்டங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தள்ளுபடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வாங்கலாம் என்று விஷ்லிஸ்டில் வைத்திருப்போருக்கு மின்னஞ்சல் போக 20 சதவீதமாவது குறைக்க வேண்டும். 15 சதவீதத் தள்ளுபடி அவர்கள் கண்ணில் படாமலே முடிந்துவிடும். விலையை ஏற்றினால் 30 நாள் தள்ளுபடி தர முடியாது என்பதால், கோடைச் சலுகைக்கு இரண்டு வாரம் முன்பு விலை ஏற்றாதீர்கள். வெளியான இரண்டாம் மாதமே பாதி விலைக்கு இறக்குவது, முழு விலை கொடுத்து முதல் வாரமே உங்களை நம்பி வாங்கியவருக்குச் செய்கிற அநியாயம். ஃபேக்டோரியோ என்ற கேம் தள்ளுபடியே தருவதில்லை. 2023 ஜனவரியில் 30 டாலரிலிருந்து 35 ஆக்கியபோது முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏற்றினார்கள். எல்லோருக்கும் அந்த வழி ஒத்துவராது, ஆனால் முன்னால் சொல்வது எல்லோராலும் முடியும்.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் வலிக்கிற இடம்: ஆட்டம் எதுவரை வந்தது என்று சேமித்து வைக்கும் சேவ் கோப்பு. அப்டேட் வந்தது, நாற்பது மணி நேர ஆட்டம் போனது என்ற புகார் வந்தால், பெரும்பாலும் காரணம் இந்தச் சிலவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இருக்கிற சேவ் கோப்பின் மேலேயே நேரடியாக எழுதுவது முதல் தவறு. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் மிஞ்சுவது பூஜ்ய பைட் கோப்பு. சேவ் கோப்புக்கு இணையத்தில் பிரதி வைக்கும் கிளவுட் இணைப்பு அந்த வெற்றுக் கோப்பையும் மேலே ஏற்றி, இன்னொரு கணினியில் இருந்த நல்ல பிரதியையும் அழித்துவிடும். முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதுங்கள். மூடி, திறந்து, படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பழையதை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதற்குப் பெயர் மாற்றுங்கள். கோப்பின் தொடக்கத்தில் பதிப்பு எண் இருக்கட்டும். மூன்றாம் பதிப்பு சேவ் கோப்பை ஐந்துக்குக் கொண்டுவர, மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து என்று படிப்படியாக மாற்றுங்கள். அப்போதுதான் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவரின் கோப்பும் திறக்கும். கேம் நிறுவிய ஃபோல்டருக்குள் சேவ் கோப்பை வைக்கவே வேண்டாம். நீக்கி மறுபடி நிறுவும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஜெர்மன் அமைப்பில் உள்ள விண்டோஸ் தசமத்துக்குக் காற்புள்ளி போடும். சேவில் 1.5 என்று எழுதியிருப்பதை அது 15 என்று படித்துவிடும். எண்ணை எழுதும்போதும் படிக்கும்போதும் மொழி சாராத வடிவத்தைக் குறிப்பிட்டால் தீர்ந்தது.

அப்டேட்டின் அளவும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி மொபைல் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். ஸ்டீம் கோப்புகளை ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்பும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே 6 ஜிபி கோப்பாகச் சுருக்கிக் கட்டினால், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் உள்ளே வரிசை கலைந்து பெரும்பாலான துண்டுகள் மாறிப்போகும். ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் (லெவல்) ஒரு கோப்பாகப் பிரியுங்கள், புதிதாகச் சேர்ப்பதைப் புதுக் கோப்பில் வையுங்கள், சுருக்குவதை ஸ்டீமிடம் விட்டுவிடுங்கள். பெரிய மாற்றம் வரும்போது முந்தைய பதிப்பை, வேண்டியவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் 'பீட்டா' கிளையில் அப்படியே விட்டுவைத்தால், மாற விரும்பாதவர் பழையதிலேயே ஆட்டத்தை முடித்துக்கொள்வார்.

தமிழில் தருகிறோம் என்று அறிவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழ் எழுத்துகளைத் தானாகக் கோர்க்காது: 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' உடைந்து தெரியும். யூனிட்டி போன்ற இன்னொரு மென்பொருளான கோடோ 4 சரியாகக் காட்டும். 'கொக்கு', 'சௌக்கியம்', 'ஸ்ரீ' மூன்றையும் திரையில் போட்டுப் பார்த்தபின் அறிவியுங்கள்.

ஸ்டார்டியூ வேலி என்ற கேம் 2016 பிப்ரவரியில் 14.99 டாலருக்கு வந்தது. 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பு வரை எல்லா அப்டேட்டும் இலவசம். அதை உங்களிடம் கேட்கவில்லை. நான்கு கோடிப் பிரதிக்கு மேல் விற்ற கேம் அது. ஆயிரம் பிரதி விற்றவருக்கு அந்த அளவுகோலை வைப்பது கொடுமை. "க்ராஷ், சேவ் பிழைகளை 18 மாதம் திருத்துவோம்; கடிதங்களுக்கு ஏழு நாளில் பதில்; புதுக் கட்டங்கள் வாக்குறுதியில் இல்லை" என்று மூன்று வரி போதும். 18 முடியாவிட்டால் ஆறு என்று எழுதுங்கள். ஆறு என்று தெரிந்தே வாங்குவோம்.

காலம் முடிந்து நிறுத்தும்போது, இணையச் சரிபார்ப்பு ஏதும் இருந்தால் அதை நீக்கிய கடைசி பில்ட் ஒன்றை ஏற்றுங்கள். பலர் சேர்ந்து ஆடும் கேம் என்றால் சர்வர் நிரலையும், அதை ஓட்டும் விதத்தையும் அதனுடன் வையுங்கள். தெரிந்தும் திருத்தாமல் விட்ட பிழைகளின் பட்டியலைக் கடைப் பக்கத்தின் மேலே பொருத்திவிட்டு, அடுத்த கேமுக்குப் போங்கள். அதன் விலையைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கேம்களை விளையாடுவோரும் சோதிப்போரும்