கதவைச் சாத்திக்கொள், அக்கா

அன்புள்ள அக்கா,

நேற்று உன் ஆன்லைன் தெரபி (மனநல ஆலோசனை) செஷன் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ரத்து செய்துவிட்டதாக மெசேஜ் அனுப்பியிருந்தாய். கூடவே இன்னொரு வரி: "எனக்கு அப்படி என்ன பெரிய கஷ்டம், நிஜமாவே கஷ்டப்படுறவங்களுக்கு அந்த நேரம் கிடைக்கட்டும்." அந்த வரிதான் இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நானும் இரண்டு முறை ரத்து செய்திருக்கிறேன். உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எல்லா வீட்டிலும் ஒருவர் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டிருப்பார், அவர் கண்ணிலும் படட்டும் என்று நீயே சொன்னாய்.

பெரிய கஷ்டம் என்றால் எது? 1967ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் மனிதரை எவ்வளவு அசைக்கிறது என்று எண் கொடுத்தார்கள். துணையின் மரணம் 100. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போவது 44. வேறு மாதிரியான வேலைக்கு மாறுவது 36. வீடு மாறுவது 20. கல்யாணத்துக்கே 50, விடுமுறைக்குக்கூட 13. இந்த எண்களை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சின்னதும் பெரியதும் ஒரே கணக்கில் சேரும் என்பதை நான் நம்புகிறேன். அப்பாவின் ஆபரேஷன், உன் புது வேலை, வீடு மாற்றியது எல்லாம் உனக்கு ஒரே வருஷத்தில் வந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து "இது ஒன்றும் பெரிசில்லை" என்கிறாய். சரி, அப்படியானால் தினமும் மூன்று மணிக்கு ஏன் விழிப்பு வருகிறது?

ஆன்லைனில் என்ன பெரிதாகப் பேசிவிட முடியும் என்றும் கேட்டாய். பேச முடிகிறது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு வீடியோ வழியாக நடக்கும் சிகிச்சை, நேரில் நடப்பதற்கு ஏறத்தாழ ஈடான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நேரில் போனால் அறை தெரபிஸ்டுடையது, கதவை அவரே சாத்துவார். ஆன்லைனில் அந்த அறையை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதுவும், யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவர்கள் நடமாடும் அதே வீட்டில்.

இப்போது நான் பார்க்கும் தெரபிஸ்டோடு முதல் செஷன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தேன். "எங்க அம்மா..." என்று ஆரம்பித்தேன். கதவுக்கு வெளியே அம்மாவின் காலடி. நிறுத்தினேன். காலடி நகர்ந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். மூன்றாவது முறை நிறுத்தியபோது அவர் கேட்டார்: "இப்போ யாருக்காகக் குரலைக் குறைக்கிறீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியேதான் பேசினோம். இந்த வீட்டில் நான் எப்போதாவது கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறேனா, சாத்தினால் யார் முகம் வாடும், யார் முகமும் வாடக்கூடாது என்கிற பொறுப்பை எனக்குக் கொடுத்தது யார்.

அந்த வாரம் அவர் தந்த வேலை ஒன்றே ஒன்றுதான். "ஒரு மணி நேரம் ரூம்ல இருப்பேன், கூப்பிடாதம்மா" என்று காரணம் எதுவும் சேர்க்காமல் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. அம்மா "சரி" என்றுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். அன்று நான் அழுதேன் அக்கா, ஏனென்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எட்டாவது செஷனிலோ ஒன்பதாவதிலோ, நம் குடும்பத்தைத் தாளில் வரையச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பிணக்கு இருக்கும் இருவருக்கு நடுவே நெளிந்து நெளிந்து போகும் ஒரு கோடு. ஜீனோகிராம் என்று பெயர். வரைந்ததைக் கேமரா முன்னால் பிடித்தேன். என் திரையில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது, அவருக்கு நேராகவே தெரிகிறது என்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். "யார் யார்கிட்ட பேசுவாங்களோ அதையும் கோடா போடுங்க" என்றார். போட்டேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே நேராக ஒரு கோடுகூட விழவில்லை. எல்லாக் கோடும் உன் வட்டத்துக்கு வந்து, அங்கிருந்துதான் அடுத்தவரிடம் போனது. அப்பா மாத்திரை சாப்பிட மறுத்தால் அம்மாவிடமிருந்து உனக்குப் போன். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அப்பாவிடமிருந்து உனக்குப் போன். இருவரும் ஒரே ஹாலில்தான் இருப்பார்கள், பக்கத்து அறையில் நான் இருப்பேன். ஆனாலும் போன் உனக்குத்தான்.

மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்றார். இருவருக்கு நடுவே பதற்றம் தாங்க முடியாமல் ஏறும்போது மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள். பதற்றத்தில் ஒரு பங்கு அவர் தலையில் இறங்கும், இவர்கள் கொஞ்சம் ஆறுவார்கள், தீர வேண்டியது மட்டும் தீராது. யார் கெட்டவர் என்ற பேச்சே இதில் இல்லை, எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்தத் தாளை மடித்து வைக்கும்போது இன்னொன்றும் புரிந்தது. உன்னை நடுவில் நிறுத்திவிட்டு நான் ஓரமாக நின்றிருக்கிறேன். இத்தனை வருஷமாக. மன்னித்துக்கொள்.

அப்புறம், நடைமுறை விஷயங்கள். முதல் ஆள் ஒத்துவராவிட்டால் தெரபியே ஒத்துவராது என்று முடிவு கட்டாதே. இவருக்கு முன்னால் வேறொருவரிடம் மூன்று செஷன் போனேன். நான் பேசி முடிப்பதற்குள் அறிவுரை வந்துவிடும். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979ல் எழுதியது இங்கே பொருந்தும்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. இந்த மூன்றும் இல்லாமல் நகராது. அந்த மூன்று செஷனில் எனக்கு ஒன்றுகூட அமையவில்லை. உன் தெரபிஸ்டின் படிப்பு, தொழில்முறைப் பதிவு, எதையெல்லாம் ரகசியமாக வைத்திருப்பார், எந்தச் சூழலில் மட்டும் வெளியே சொல்ல வேண்டிவரும் என்பதையெல்லாம் முதல் நாளே கேள். கேட்பதில் தப்பே இல்லை. திரையில் உன் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிடு, இல்லாவிட்டால் அழும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அவர் கேட்டால் சந்தேகப்படாதே, அவசரம் என்றால் உதவி அனுப்புவதற்காகக் கேட்பது அது. லைன் கட்டானால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள். முடிந்தவுடன் அடுத்த வேலைக்கு ஓடாதே, கால் மணி நேரமாவது சும்மா இரு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "இருந்துதான் என்ன" என்று மனசு சொல்லும் நாள் வந்தால் அடுத்த செஷனுக்காகக் காத்திருக்காதே. நடு இரவானாலும் என்னைக் கூப்பிடு. உடனே வருகிறேன், நேரில் மருத்துவரிடம் போவோம்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மறுபடி நேரம் வாங்கியிருக்கிறாய் என்று இன்று காலையில் சொன்னாய். அன்று ஐந்தரைக்கே நான் ஹாலில் போய் உட்கார்ந்துகொள்வேன். அம்மா போனைக் கையில் எடுத்தால், "அக்காகிட்ட வேண்டாம்மா, அப்பா இங்கதானே இருக்கார், அவர்கிட்டயே சொல்லு" என்பேன். அவர்கள் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். ஏழு மணி வரை நான் அங்கேயே இருக்கிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து அறை ஆள்