நகருக்குள் வாடகை வீடு கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: எழும்பூரில் தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆய்வக ஊழியர், ஊரப்பாக்கம்.

பெறுநர்: உயர் அலுவலர் அவர்கள், வாடகைக் குடியிருப்பு ஒதுக்கீடு, சென்னை.

பொருள்: தனியார் ஊழியர்களுக்கு நகருக்குள் குறைந்த வாடகையில் வீடு ஒதுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையோடு ஆடியில் ஒரு மனு கொடுத்தேன், தையில் இன்னொன்று. ஒப்புகைச் சீட்டு இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. பதில்தான் வரவில்லை. மீண்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்வது:

1. எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 56,000 ரூபாய் சம்பளம். ஆண்டுக்கு 6 லட்சத்தைத் தாண்டுவதால் குறைந்த வருவாய்ப் பிரிவில் இடமில்லை. இருவருக்கும் தனியார் வேலை என்பதால் அரசு ஊழியர் குடியிருப்பும் கிடையாது.

2. புதுப்பேட்டையில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 18,000 வாடகையும் பத்து மாத அட்வான்ஸும் கேட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. அதில் கையெழுத்துப் போடாதவருக்கு யார் சாவி கொடுப்பார்கள்?

3. காலை 8 முதல் இரவு 8 வரை வேலை. விடியுமுன் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறேன். திரும்பும்போது பல மின்சார ரயில் வண்டிகள் ஊரப்பாக்கம் வராமல் தாம்பரத்தோடு நின்றுவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. அங்கே இறங்கி, செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து, வீடு சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். அவள் தூங்கியிருப்பாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். அவள் தலையில் பேன் மண்டிக் கிடந்ததே வகுப்பாசிரியை போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு தூங்குகிறவளை மடியில் கிடத்தி, போன் வெளிச்சத்தில் ஈர் எடுத்தேன். இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஐயா. வேறு எப்படி எழுதினால் படிப்பீர்கள்?

4. நகருக்குள் இடித்துப் போட்ட பழைய வாடகைக் குடியிருப்பு மனைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது தங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே திரும்பக் கட்டும்போது ஒரு பகுதியை எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்குங்கள். சொந்தமாகக் கேட்கவில்லை, இலவசமாகவும் கேட்கவில்லை. மாதம் 12,000 வரை தவறாமல் கட்டிவிடுவோம்.

5. வாடகைக்கு, ஐயா. வாடகைக்கு மட்டும்தான் கேட்கிறேன்.

என் மனுக்கள் யாருடைய மேசையில் இருக்கின்றன என்றாவது ஒரு வரி எழுதித் தெரிவிக்குமாறும், வீடு ஒதுக்க ஆவன செய்யுமாறும் மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.