அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டுப் பார்

அன்பு மகள் ஜெனிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நாட்டிங்ஹாமில் நீ டூட்டியில் கவனித்துக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன அந்தப் பெரியவரின் நினைப்பாகவே நாலு நாளாக இருக்கிறேன். பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டது, காலையில் சாப்பிட்டது மறந்துவிட்டது, ஆனால் உன்னைக் கண்டதும் ‘ஃபாரஸ்ட் ஜெயித்ததா?’ என்று மட்டும் தினமும் கேட்கிறார் என்றாய். ஃபாரஸ்ட் அந்த ஊர் ஃபுட்பால் கிளப். எனக்கு ஃபுட்பால் தெரியாதே, என்ன பதில் சொல்ல என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் தாத்தாவின் கடைசி வருஷம் உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சின்னப் பிள்ளை. என்னையே ‘நீ யார் வீட்டுப் பையன்?’ என்று கேட்பார். ஆனால் கடற்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்து, ‘இது என்ன காற்று அப்பா?’ என்று கேட்டால் போதும். கொண்டல், கச்சான், வாடை என்று ஒவ்வொன்றையும் பிரித்து, எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பதுவரை சொல்வார். நாம் அவருக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கேட்டால் மட்டும் போதும். அந்தப் பெரியவருக்கு ஃபாரஸ்ட்தான் காற்று என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ‘நாட்ஸ் ஃபாரஸ்ட்’ என்று தவறியும் சொல்லாதே. அந்த ரசிகர்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாட்ஸ் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நாட்ஸ் கவுண்டி. இவர்கள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், சுருக்கமாக ஃபாரஸ்ட். 1865-ல் தொடங்கிய கிளப். இத்தாலியப் படைத்தலைவர் கரிபால்டியின் ஆட்கள் போட்ட சிவப்பைத்தான் அன்றிலிருந்து இவர்களும் போடுகிறார்கள். லண்டன் ஆர்சனல் இன்று சிவப்பு போடுவதற்கும் இவர்கள்தான் காரணம். 1886-ல் அந்தப் புது டீமுக்கு ஃபாரஸ்டிலிருந்து போன ஆட்டக்காரர்கள் கேட்டதற்காக ஒரு செட் சட்டையை ஃபாரஸ்ட் கொடுத்தனுப்பியது. இன்னொன்று, சிட்டி கிரவுண்ட் என்று பெயர் வைத்திருந்தாலும் அவர்கள் மைதானம் நகர எல்லைக்குள் இல்லை. ட்ரென்ட் ஆற்றைத் தாண்டி வெஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டில் இருக்கிறது. பக்கத்திலேயே ட்ரென்ட் பிரிட்ஜ் கிரிக்கெட் மைதானம். நம் அஸ்வின் 2019-ல் நாட்டிங்ஹாம்ஷயருக்கு ஆடியது அங்கேதான். லீவு நாளில் நடந்து போய்ப் பார்.

சரி, கேள்விக்கு வருவோம். அவருக்கு எண்பது தாண்டியிருக்கும் என்றாய். அப்படியென்றால் 1959-ல் அவர் பள்ளிக்கூடப் பையன். அங்கிருந்து தொடங்கு. ராய் ட்வைட் யார் என்று கேள். அந்த வருஷம் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் லூட்டன். பத்தாவது நிமிடத்தில் ட்வைட் முதல் கோலைப் போட்டார். நாலு நிமிடம் கழித்து டாமி வில்சன் இரண்டாவது. முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் ட்வைட்டின் கால் முறிந்துவிட்டது. அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேராக ஆடி 2-1 என்று ஜெயித்தார்கள். ட்வைட் மீதி ஆட்டத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி டிவியில் பார்த்தார். பாடகர் எல்டன் ஜானின் உறவுக்கார அண்ணன் இந்த ட்வைட். எல்டன் ஜானின் சொந்தப் பெயரே ரெஜினால்ட் ட்வைட்தான். இதை அந்த ஊர்க்காரர்கள் ஆசையாகச் சொல்வார்கள், அவரையே சொல்ல விடு.

அடுத்து பிரையன் கிளஃப். இந்தப் பெயரைச் சொன்னால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து எனக்கு எழுது. மிடில்ஸ்பரோ ஊர்க்காரர், சென்டர் ஃபார்வர்ட். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டவர். 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட்டத்தில் முழங்கால் போனது. அதற்குப் பிறகு மூன்றே மூன்று லீக் ஆட்டம்தான் ஆட முடிந்தது. முப்பது வயதில் ஹார்ட்லிபூல்ஸ் என்ற ஏழை கிளப்புக்கு மேனேஜர். கூடவே மிடில்ஸ்பரோவில் தன்னோடு ஆடிய கோல்கீப்பர் பீட்டர் டெய்லரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து டெர்பி கவுண்டியை 1972-ல் லீக் சாம்பியன் ஆக்கினார்கள். பிறகு லீட்ஸில் கிளஃப் மட்டும் 44 நாள் இருந்து வெளியேற்றப்பட்டார். 1975 ஜனவரியில் ஃபாரஸ்டுக்கு வந்தபோது அது இரண்டாம் டிவிஷனில் பதின்மூன்றாவது இடத்தில் கிடந்தது. அங்கிருந்து நாலரை வருஷம்கூட ஆகவில்லை, ஐரோப்பாவின் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை கைக்கு வந்துவிட்டது. மறு வருஷமும் வந்தது. லீக் பட்டத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, 1978-ல் வாங்கிய கிளப் ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வாங்கியிருக்கிறது. உலகத்தில் வேறு எந்த கிளப்புக்கும் இப்படி ஒரு கணக்கு இல்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஷார்ட்வேவ் ரேடியோவில் பிபிசியின் இரைச்சலுக்கு நடுவே இந்தப் பெயர்களைப் பிடித்து மனப்பாடம் செய்தவன் நான். பிறகு முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பி.டி. வாத்தியாராக நின்றேன். எந்தப் பையனையும் ‘இவன் தேறமாட்டான்’ என்று சொல்ல வாய் வந்ததில்லை. அதற்கு இந்த ஃபாரஸ்ட் டீம்தான் காரணம். அதில் இருந்தவர்களைப் பார். கேரி பர்ட்டில்ஸ் வீடுகளுக்குக் கார்ப்பெட் போட்டுக்கொண்டிருந்தவர். லாங் ஈட்டன் என்ற சின்ன டீமிலிருந்து 2,000 பவுண்டுக்கு வந்தார். 1978 செப்டம்பரில் ஐரோப்பிய சாம்பியனான லிவர்பூலுக்கு எதிராக முதல் கோலைப் போட்டவர் அவர்தான். விவ் ஆண்டர்சன் நாட்டிங்ஹாமிலேயே பிறந்த பிள்ளை. கறுப்பர் என்பதற்காக மைதானத்தில் அவர்மேல் பழங்களை எறிந்தார்கள். 1978 நவம்பரில் இங்கிலாந்து தேசிய அணியில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார்.

எனக்கு இவர்களில் எல்லாம் பிடித்தவர் ஜான் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர். கிளஃப் வந்தபோது ராபர்ட்சன் ஏற்கெனவே அந்த கிளப்பில் இருந்தார், ஆனால் யாருக்கும் வேண்டாதவராக இருந்தார். உடம்பு பருத்திருந்தது, சிகரெட் பழக்கம், ஓடவும் வேகம் இல்லை. லெஃப்ட் விங்கில் போட்டார்கள். பந்தை வாங்கி, நின்று, எதிராளியை ஒரு பக்கம் சாய்க்க வைத்து, அரை கஜம் இடம் கிடைத்தால் போதும், பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் பந்து, அதாவது கிராஸ், போய்விடும். 1976 டிசம்பரிலிருந்து நாலு வருஷம், 243 ஆட்டம், ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். 1979 மே 30, மியூனிக்கில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். முதல் பாதி முடியும் நேரத்தில் இடது பக்கத்திலிருந்து ராபர்ட்சன் கிராஸ் போட்டார், தூரத்துக் கோல் கம்பத்தருகே ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முடித்தார். 1-0. அந்த ஃபிரான்சிஸ்தான் பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுண்டு ஆட்டக்காரர், ஐரோப்பியக் கோப்பையில் ஃபாரஸ்டுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே அதுதான். மறு வருஷம் மாட்ரிட்டில் ஹாம்பர்க்கோடு மோதியபோது ஃபிரான்சிஸ் காயத்தில் இருந்தார். ராபர்ட்சனே உள்ளே வெட்டி வந்து வலது காலால் போட்டார். அதுவும் 1-0. பிற்பாடு இந்த ராபர்ட்சனைத்தான் கிளஃப் பிக்காஸோவோடு ஒப்பிட்டார்.

மியூனிக்கில் தோற்ற டீம் ஸ்வீடனின் மால்மோ. அதன் மேனேஜர் பாப் ஹௌட்டன் என்ற இங்கிலாந்துக்காரர். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்து, 27 வருஷத்துக்குப் பிறகு நம்மை 2011 ஆசியக் கோப்பைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். இதைப் பெரியவருக்கு நீயே சொல். அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் உன்னிடமிருந்து வந்தால் சந்தோஷப்படுவார்.

1980-களைப் பேசினால் ஸ்டூவர்ட் பியர்ஸைக் கேள். லெஃப்ட் பேக். 1985-ல் வந்த பிறகும் எலக்ட்ரீஷியன் வேலையை விடவில்லை. மைதானத்தில் விற்கும் ஆட்டப் புத்தகத்தில் வயரிங் வேலைக்கு விளம்பரம் கொடுத்தார். பெரியவர் வீட்டுக்கே பியர்ஸ் வந்து ஸ்விட்ச் மாட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

இனி, நீயாகத் தொடக்கூடாத இரண்டு விஷயம். ஒன்று, 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பக்கத்தில் நெரிசலில் 97 உயிர் போனது. எதிர் டீம் ஃபாரஸ்ட்தான். மறுமுனையில் நின்ற ஃபாரஸ்ட் ரசிகர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். இவர் அன்று அங்கே இருந்தாரா என்று நமக்குத் தெரியாது. அவராகப் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

இரண்டாவது, டெய்லர். 1982-ல் ஓய்வு என்று ஃபாரஸ்டை விட்டுப் போனவர், அதே வருஷம் டெர்பிக்கு மேனேஜர் ஆனார். மறு வருஷம் கிளஃபுக்குச் சொல்லாமல் ராபர்ட்சனை வாங்கிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. 1990-ல் டெய்லர் இறக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கிளஃப் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது அதை டெய்லருக்கே சமர்ப்பித்தார். இன்று டெர்பி மைதானத்துக்கு வெளியே இருவரும் ஒன்றாக நிற்கும் சிலை இருக்கிறது. நாட்டிங்ஹாம் நடுவில் இருப்பது கிளஃபின் சிலை மட்டும். அந்த ஊர் வயசாளிகளுக்கு இது சொந்த வீட்டுச் சண்டை மாதிரி, இன்னும் ஆறியிருக்காது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிடாதே. நாளைக்கு ட்வைட், அடுத்த டூட்டியில் கிளஃப், இப்படி ஒவ்வொன்றாக. சொன்னதையே திரும்பச் சொன்னால் முதல் தடவை கேட்பது மாதிரியே கேள். கடைசியாக மியூனிக் ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்று கேள். அந்தப் பதில் எனக்கும் வேண்டும், அப்படியே எழுதி அனுப்பு.

அப்புறம் ‘ஃபாரஸ்ட் ஜெயித்ததா?’ என்ற அந்தத் தினசரிக் கேள்வி. ஆட்டம் முடிந்த மறுநாள் டூட்டிக்குக் கிளம்பும் முன் ஸ்கோரைப் பார்த்துவிட்டுப் போ. தோற்றிருந்தால் தோற்றது என்றே சொல், யார் கோல் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல். அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் அங்கே வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா