கல்ச்சர் முடிவைக் குடும்பத்தார் கையில் கொடுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெருந்துறைப் பக்கம் மருந்துக் கடை நடத்திவரும் மருந்தாளுநர். கடும் தொற்றுகளுக்குக் கொடுக்கும் கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகள் நம் மருத்துவமனைகளில் வலுவிழந்து வருவதைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்த மருந்துகளைச் சிதைக்கும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010-இல் உலகையே பேசவைத்த ஆய்வில் சென்னையில் சேகரித்த கிருமிகளும் இருந்தன. இதே சிக்கலுக்காக 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட அறிக்கைக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். எல்லாம் தெரிந்தும் இன்னும் நடைமுறைக்கு வராத ஒரு சிறு காரியத்தைக் கேட்கவே எழுதுகிறேன். மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் மருந்தின் முதல் ஊசிக்கு முன் இரத்தமோ சிறுநீரோ சளியோ கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து அது எது, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, எடுக்கப்பட வேண்டும். முடிவு வந்த அன்றே அதன் நகல் நோயாளியின் குடும்பத்தாரிடம் கொடுக்கப்பட வேண்டும்.

என் மாமனார் கொடுமுடிப் பக்கத்து விவசாயி. சிறுநீரில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் பரவியதால், கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வீதம் மெரோபெனம் ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. கல்ச்சர் என்ன ஆயிற்று என்று கேட்கும்போதெல்லாம், ஃபைலில் இருக்கும், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்பதே பதில். விலை ஏறட்டும் என்று கிடங்கில் வைத்திருந்த மஞ்சளையும் கறவை மாடுகளையும் விற்றுப் பணம் கட்டிவிட்டு, வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டைத்தான். எங்களிடம் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில், கல்ச்சர் அனுப்பப்பட்டது என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை.

என் மச்சான் அதை வாங்கத் திரும்பிப் போனார். பில் போடும் இடத்தில் ஆய்வகத்தைக் கேட்கச் சொன்னார்கள். ஆய்வகத்தில் பதிவேட்டுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாலும் மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டால்தான் தர முடியும், அவர் நாளைதான் வருவார் என்றார்கள். தகப்பன் வென்டிலேட்டரில் கிடக்கையில், அவருடைய இரத்தத்தில் என்ன வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள மகன் கவுன்டர் கவுன்டராக நின்றார். கடைசியில் கிடைத்த தாளில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமியின் பெயரும், மெரோபெனத்துக்கு நேரே எதிர்ப்பைக் குறிக்கும் 'ஆர்' எழுத்தும் இருந்தன. அதில் அச்சாகியிருந்த தேதி, நாங்கள் மருத்துவமனை மாற்றியதற்குப் பல நாள் முந்தையது. அந்தத் தேதிக்குப் பிறகும் அதே மெரோபெனத்துக்கு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

அதன்பின், மற்ற ஆன்டிபயாடிக்குகள் கேட்காதபோது கொடுக்கும் கொலிஸ்டின் தொடங்கினார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. டயாலிசிஸ் வரை போய், அவர் வீடு திரும்பவில்லை. முன்பே மருந்தை மாற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த நாட்கள் அவருக்குரியவை. பூட்டிய ஃபைலுக்குள் அவை கழிந்திருக்கக் கூடாது.

கார்பபெனம் தொடங்கியதை நான் குறை கூறவில்லை. தொற்று இரத்தத்தில் பரவியபின் கல்ச்சர் முடிவுக்காக எந்த மருத்துவரும் காத்திருக்க முடியாது. இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும், எளிய மருந்து போதுமென்றால் கார்பபெனத்தை நிறுத்தவும், கேட்காதென்றால் மாற்றவும் வேண்டும் என்பதே மருத்துவ முறை. அந்த முடிவு அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் முக்கியம். இந்த எதிர்ப்புக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாக ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. கை வழியாகவும் குழாய் வழியாகவும் கிருமி கட்டில்விட்டுக் கட்டில் போகிறது. இத்தகைய நோயாளிகளைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இலேயே வழிகாட்டியிருக்கிறது. தாள் வந்து சேரும்வரை என் மாமனாரைப் பொது ஐசியூவில்தான் வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த குடும்பங்களுக்கு அதை யார் சொன்னார்கள்?

கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு 72 மணி நேரம் என்பது மிக நீண்ட காலம். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாத குடும்பத்துக்கு அந்த விதியாலும் பயனில்லை. என் கடையில் ஒரே ஒரு குப்பி மெரோபெனம் விற்றாலும், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு காக்க வேண்டும். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். அதே மருந்தை நாள்தோறும் பெட்டி பெட்டியாக ஏற்றும் மருத்துவமனை, அது கிருமிக்குக் கேட்கிறதா என்ற தாளைக் குடும்பத்துக்குக் காட்டாமலே பணம் வாங்க முடிவது என்ன நியாயம்?

சொல்லப்போனால் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. என் மாமனாருக்குக் கடைசியாக மிஞ்சிய கொலிஸ்டினைக் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் பயன்படுத்த ஒன்றிய அரசு 2019-இல் தடை விதித்தது. நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளும் பல்லடத்தின் கறிக்கோழிப் பண்ணைகளும் நிறைந்த இந்த மண்டலத்தில், அந்தத் தடை எப்படிக் கண்காணிக்கப்படுகிறது என்று பொதுமக்களுக்கு யாரும் சொல்வதில்லை. வாளையாரைத் தாண்டினால் கேரளம். 2018-இல் மாநிலச் செயல்திட்டம் வகுத்து, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கிறது என்ற ஆன்டிபயோகிராமை அந்த மாநிலம் வெளியிட்டு வருகிறது. கோவையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் முடிவது இங்கே ஏன் முடியவில்லை? இவற்றைத் தனியே எழுத வேண்டும். இப்போதைக்கு என் கோரிக்கை ஒன்றுதான்.

இதற்குப் புதிய சட்டம் தேவையென்று நான் நினைக்கவில்லை. தனியார் மருத்துவமனைகள் தங்கள் துறையில்தான் பதிவு செய்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் பல மருத்துவமனைகள் அரசின் பணத்தையும் பெறுகின்றன. அந்தப் பதிவுக்கும் பணத்துக்கும் இதை ஒரு நிபந்தனையாக்குங்கள்: கார்பபெனத்துக்கு முன் கல்ச்சர் எடுக்க வேண்டும், முடிவு வந்த அன்றே நகலைக் குடும்பத்தாரிடம் கொடுத்துக் கையெழுத்துப் பெற வேண்டும், நோயாளியை மாற்றினால் அந்தத் தாள் ஆம்புலன்ஸிலேயே உடன் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளும் இதற்கு விலக்காக வேண்டாம்.

இது குறித்துத் தாங்கள் ஓர் ஆணை பிறப்பித்து, அதை ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், சேலம் மாவட்ட இணை இயக்குநர்களுக்கு அனுப்பிய நாளைப் பொதுமக்களுக்கும் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெருந்துறை மருந்தாளுநர் ஒருவர்